தட்டம்மையின் பங்காளி

நான் ஊர் சுற்றக் கிளம்பிய அன்றுதான் ஆய்வகத்தில் சோதனை செய்துகொண்டிருந்த பெரியப்பாவை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்கள். தட்டம்மை வந்து தேறிய குழந்தையின் ரத்தநீர், நாய்களைக் கொல்லும் டிஸ்டெம்பர் வைரஸையும் அடக்குகிறது என்று எழுதிக் கொடுத்ததுதான் குற்றம்.

"குழாய மாத்தி வெச்சுட்டியாய்யா?" என்று கேட்டாராம் அதிகாரி.

"மூணு தடவ பாத்தேன் சார். ரெண்டு வைரஸும் பங்காளிங்க, ஒரே ஜாடை."

"கூடப்பிறந்த தம்பியோட பேச்சில்ல, கிருமிக்குச் சொந்தம் தேடுறாரு," என்றாள் என்னை வழியனுப்பிய பெரியம்மா.

ஒன்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பினேன். பழைய மேசைக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று பெரியப்பா ஸ்டோரிலேயே காத்திருந்தார். போன வாரம் அதிகாரியின் செய்தி வந்தது: "அந்த முடிவு சரிதான். என் பெயரில் கட்டுரை வெளிவந்துவிட்டது. ஸ்டோரிலிருந்து சோதனைக்குத் தவறாமல் பாட்டில் எடுத்துக் கொடுத்த உங்களுக்கும் கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கிறேன்."