நான் ஏறாத வேன்

நைரோபி விமான நிலையத்து வாசலில் வெயில் அவிநாசி ரோட்டு வெயிலைப் போலவே அடித்தது. அதுதான் முதலில் என்னைப் பயமுறுத்தியது. கடல் தாண்டியும் வெயில் மாறவில்லையென்றால் கூடவே வேறென்னவெல்லாம் வந்திருக்கும்?

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். பீளமேட்டில் மோட்டார் பம்ப் வேலை பழகிய என் வீட்டுக்காரர், அங்கே ஒரு தேசியப் பூங்காவுக்குள் இருந்த விடுதிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தார். கல்யாணமான கையோடு போனவர். இப்போது என்னை வரச் சொல்லியிருந்தார். ஐ.எஸ்.டி. பூத்தில் அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ரெண்டு வழி இருக்குது அம்மணி. விடுதி வேன் சாமான் ஏத்த ஏர்போர்ட்டுக்கு வரும், அதுல வந்தரலாம். இல்லீன்னா டவுனுக்குப் போயி மொம்பாசா பஸ்ஸைப் புடிச்சு, பூங்கா கேட்டுல எறங்கோணும். எப்பிடி வந்தாலும் பொழுது எறங்கறதுக்குள்ள வந்துரு கண்ணு. கேட்டைச் சாத்திப்போட்டா ராசா வந்தாலும் தொறக்க மாட்டாங்க. வெளியில சிங்கம் திரியும்."

"நீங்க வெளியில வந்து நிக்க மாட்டீங்களா?"

"நான் உன்ர புருசன்னு சிங்கத்துக்குத் தெரியுமாக்கும்?"

சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் அங்கே எத்தனை மணிக்குப் பொழுது இறங்குமென்று கேட்காதது உறைத்தது.

இரண்டு வழி என்று காதில் விழுந்ததுமே அவருடைய அம்மா, என் அத்தை, பூவாக்குக் கேட்க என்னையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். எங்கள் பக்கம் பெண் எடுப்பதோ கிணறு வெட்டுவதோ, பூ சொல்லாமல் நடக்காது. இலையில் மடித்த இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் செவ்வரளி. வெள்ளை வந்தால் பஸ், சிவப்பு வந்தால் வேன் என்று அத்தை வேண்டிக்கொண்டார். பூசாரி சாமி காலடியிலிருந்து எடுத்துக்கொடுத்தது வெள்ளை. வராத பூவைக் கோயிலிலேயே விட்டுவிட வேண்டும். அத்தைக்கு மனசு வரவில்லை. "இதுவும் சாமி பூத்தானுங்களே" என்று அதைப் பிரிக்காமலே என் கைப்பைக்குள் போட்டார்.

பூசாரி முகம் சுருங்கியது. "வேண்டாத வழியை எதுக்குங்க கூடக் கூட்டீட்டுப் போறீங்க?"

விடுதி வேன் விமான நிலைய வாசலில்தான் நின்றது. ரொட்டிப் பெட்டிகள், முட்டைக்கோஸ் மூட்டை, கடைசியில் காலியாக ஒரே ஒரு சீட்டு. பம்ப்காரரின் மனைவியா என்று ஆங்கிலத்தில் கேட்டு, ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டார். என் கால் படியேற உயர்ந்தது. நிஜமாகவே உயர்ந்தது. வெள்ளைப் பூ நினைவுக்கு வந்து, கீழே வைத்தேன்.

"பஸ்" என்றேன்.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு இன்னொரு பெட்டி எடுக்க உள்ளே போனார். நான் டாக்சி பிடித்து டவுனுக்குப் போய் பஸ் ஏறினேன்.

பாதி வழியில் டயர் போனது. அதை மாற்றிக் கிளம்புவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பது மாதிரி சூரியனையே பார்த்துக்கொண்டு வந்தேன். மண் பல்லடத்து மண்ணாகச் சிவந்தது. தூரத்தில் ஒரு செம்மண் சுவர் நகர்ந்தது. யானைகள். பஸ்ஸில் எல்லோரும் ஒருசேரப் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு காலடிகூடக் கேட்கவில்லை.

பூங்கா கேட்டுக்குப் பிரியும் இடத்தில் இறக்கிவிட்டார்கள். பஸ் போனதும் சூரியனும் போய்விட்டது. ஓடினேன். சாத்தியிருக்க வேண்டிய கேட் விரியத் திறந்து கிடந்தது. உள்ளே அந்த வேன், எல்லாக் கதவுகளும் திறந்தபடி. காவலர்கள் துப்பாக்கியோடு புதருக்குள் டார்ச் அடித்தார்கள். என் வீட்டுக்காரர் காட்டைப் பார்த்து, "அம்மணீ! அம்மணீ!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க" என்றேன், பின்னாலிருந்து.

திரும்பினார். கிட்டே வரவில்லை. என்னைக் காலிலிருந்து தலை வரை பார்த்தார்.

"வேன்லருந்து எப்ப எறங்குன?"

"நா வேன்ல வரலீங்க. பஸ்லதான் வாரேன்."

ஓட்டுநர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பெட்டியோடு திரும்பி வந்தபோது கடைசி சீட்டில் நீ இருந்தாய்," என்றார். "தலையில் முக்காடு. மனசு மாறிவிட்டாயென்று நினைத்தேன். வழியெல்லாம் கண்ணாடியில் பார்த்தேன். தண்ணீர் வேண்டுமா என்றதற்குக்கூடத் தலையாட்டினாய். கேட்டில் நிறுத்தித் திரும்பினால் சீட்டு காலி."

காட்டுக்குள் ஒரு பெண் இறங்கிப் போய்விட்டாள் என்றுதான் அவ்வளவு நேரம் கேட்டைச் சாத்தாமல் தேடியிருக்கிறார்கள்.

"அவ வராம இருந்திருந்தா," என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார், "உன்னைய வெளியில உட்டுப் பூட்டியிருப்பாங்க."

எங்களுக்குப் பின்னால் கேட்டைச் சாத்தினார்கள். கைப்பைக்குள் செவ்வரளிப் பொட்டலம் இருந்த இடத்தைத் தொடாமல் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விடுதிக்குப் போக அந்த வேன்தான். அவர் முன்னால் ஏறிக்கொண்டார். மிச்சமிருந்தது கடைசி சீட்டு.

கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

ஓரமாக, பாதி சீட்டை விட்டு உட்கார்ந்தேன்.