நாற்பத்தேழாம் நம்பர் வீட்டு இவான்

1. புகார்

"என் கொள்ளுத்தாத்தா இவான் பத்து மாதக் குழந்தையாக இறந்துவிட்டார் என்று உங்கள் பட்டியல் சொல்கிறது. ஆனால் அவர் கப்பலேறி கனடா வந்து, ஒன்பது பிள்ளைகள் பெற்று, கிழவராகி இறந்தவர். அப்படியானால் நான் யார்?"

திங்கட்கிழமை காலை, டீ வருவதற்கு முன்பே இந்தத் தத்துவக் கேள்வி கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தது. அனுப்பியவர் கனடாக்காரர். அதை எங்களுக்குத் தள்ளிவிட்டது எங்களுக்கு வேலை கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனி. கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: வெள்ளிக்கிழமைக்குள் சரியான விளக்கம் வராவிட்டால் வேலை வேறு ஊருக்குப் போகும்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். போலந்தும் உக்ரைனும் எல்லை உரசும் பகுதியில் இருக்கும் தேவாலயங்களின் பழைய லத்தீன் பதிவேடுகள் ஸ்கேன் ஆகி எங்களுக்கு வரும். ஞானஸ்நானம், கல்யாணம், சாவு என்று மூன்று ரிஜிஸ்டர். பேர், தகப்பன், தாய், வீட்டு எண் எல்லாவற்றையும் கட்டம் கட்டமாக டைப் செய்து அனுப்ப வேண்டும். கடல் தாண்டிப் போனவர்களின் வாரிசுகள் அதில் முன்னோரைத் தேடிக்கொள்வார்கள். எங்கள் முதலாளி காதர் பாயின் ஜவுளிக்கடை மாடியில் பதினொரு பேர் இதைச் செய்கிறோம். பதினொரு பேரில் ஒருவருக்கும் தன் கொள்ளுத்தாத்தா பேர் தெரியாது.

காதர் பாய் மெயிலைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

"என்ன சார் இது? செத்த பய எப்படி கப்பல் ஏறுவான்?"

"பாதிரியார் தப்பா எழுதியிருப்பார், பாய்."

"அந்தப் பாதிரியாருக்கு மெயில் போட முடியுமா? செக்கிங் பார்த்த ஆளுன்னு உங்க பேருதான் இருக்கு. உங்களுக்குத்தான் போட முடியும்."

2. என் தகுதி

இந்த வேலைக்கு வருமுன் காலண்டர் அச்சகத்தில் புரூஃப் ரீடராக இருந்தேன். ஒரே வரி இரண்டு முறை அச்சாகிவிடுவதுதான் அங்கே வழக்கமான பிழை. வேகமாகக் கண்டுபிடித்து அடித்தால் முதலாளி மெச்சுவார். அந்தக் கண்ணோடும், பக்கத்து ஊர் பங்குச் சாமியாரிடம் கற்ற நாற்பது லத்தீன் வார்த்தைகளோடும் இங்கே செக்கிங் பிரிவில் உட்கார்ந்தேன். நாற்பதில் பாதி 'விவசாயி' என்பதன் வெவ்வேறு கிறுக்கல்கள். அங்கேயும் கரிசல் மண்ணாம். வேறு எந்தத் தொழிலும் ஒட்டவில்லை போலிருக்கிறது.

பாதிரியார்களின் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் என் ரத்த அழுத்தத்துக்கு நல்லதல்ல. மழை பெய்த களத்தில் கோழி நடந்ததுபோல இருக்கும்.

ஆகவே, ஒரே தகப்பன், ஒரே தாய், ஒரே வீட்டு எண், ஒரே பிள்ளை பேர் என்று இரண்டு பதிவு கண்ணில் பட்டால் எனக்குச் சந்தேகமே வராது. 'டூப்ளிகேட்' என்று இரண்டாவதை அடித்துவிடுவேன். அடித்ததை எல்லாம் ஒரு நீளநோட்டில் எழுதி, சிவப்பு மையில் குறுக்குக்கோடு போடுவது அச்சகத்துப் பழக்கம். கம்பெனிகூட ஒரு தடவை, 'கோவில்பட்டி அணியின் டூப்ளிகேட் நீக்கம் சிறப்பு' என்று எழுதியது. அந்த மெயிலை வீட்டில் மனைவிக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். இரண்டாவது முறையை அவள் டூப்ளிகேட் என்றாள்.

3. சாவு ரிஜிஸ்டர்

திங்களும் செவ்வாயும் நான் கனடாக்காரரிடமே தப்புக் கண்டுபிடிக்க முயன்றேன். ஊர் மாறியிருக்கலாம், தகப்பன் பேர் வேறாக இருக்கலாம், ஆள் பொய்யாகவே பிறந்திருக்கலாம். ஒன்றும் நிற்கவில்லை.

புதன்கிழமை, சாவு ரிஜிஸ்டர் பார்க்கும் பிச்சையம்மாள் தன் சீட்டிலிருந்து கூப்பிட்டாள். நாகலாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அப்பா ஆடு வளர்க்கிறார்.

"அண்ணாச்சி, உங்க பய இங்கன செத்துக்கிடக்கான்."

போய்ப் பார்த்தேன். வீட்டு எண் 47, இவான், பத்து மாதம், காய்ச்சல்.

"இதைத்தானம்மா கம்பெனியே சொல்லுது."

"இருங்க. ஞானஸ்நான ஸ்கேனைத் தொறங்க. இதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, அதே நாப்பத்தேழு, அதே அப்பன் ஆத்தா, இன்னொரு இவான் இருக்கான் பாருங்க."

"அது டூப்ளிகேட். நான்தான் அடிச்சேன்."

"ரெண்டு வருஷம் கழிச்சு எப்படி டூப்ளிகேட் ஆவும்?"

"பாதிரியார் பழசைப் பார்த்து மறுபடி எழுதியிருப்பார்."

"எழுதல அண்ணாச்சி. மொத பய செத்துட்டான். அடுத்து பொறந்தவனுக்கு அதே பேர வச்சிருக்காவ."

"செத்த பிள்ளை பேரையா? எவனாவது வைப்பானா?"

"நாம வைக்க மாட்டோம்." அவள் சிரித்தாள். "எங்க அம்மைக்கு எனக்கு முன்னால ரெண்டு போயிட்டு. என்னையும் எமன் தூக்கிட்டுப் போயிரக் கூடாதுன்னு, பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துத் தவிட்டுக்குத் திருப்பி வாங்கி, பிச்சைன்னு பேர் வச்சாவ. அவிய என்ன செஞ்சிருக்காவ? போன பேர விட மனசில்லாம திரும்பக் கூப்பிட்டிருக்காவ. அவ்வளவுதான்."

ஐந்து வருஷமாக இவளை நாளுக்கு இருபது முறை பிச்சை, பிச்சை என்று கூப்பிட்டிருக்கிறேன். அந்தப் பேர் எதற்கு வைக்கப்பட்டது என்பது எனக்கும் தெரிந்ததுதான். இந்தப் பக்கத்தில் தெரியாதவர் யார்? தெரிந்ததை வேலையில் பொருத்திப் பார்க்கத்தான் எனக்குப் படிப்பு போதவில்லை.

கப்பல் ஏறியவன் இரண்டாவது இவான். அவன் கப்பல் ஏறி வெகுகாலம் கழித்து, கோவில்பட்டியில் வைத்து நான் அவனை அடித்துவிட்டேன்.

4. நீளநோட்டு

காதர் பாயிடம் சொன்னேன்.

"ஒரு பயதானா சார்?"

நோட்டை எடுத்து நீட்டினேன். பக்கம் பக்கமாகப் புரட்டியவர், பாதியில் மூடிவிட்டார்.

"யா அல்லா. ஊரையே காலி பண்ணியிருக்கீரே."

புதன் மதியத்திலிருந்து வெள்ளி மதியம் வரை பதினொரு பேரும் அந்த நோட்டைப் பங்கு போட்டுக்கொண்டோம். ஒவ்வொரு குறுக்குக்கோட்டுக்கும் சாவு ரிஜிஸ்டரைத் திறந்து முதல் பிள்ளையைத் தேட வேண்டும். கிடைத்தால் இரண்டாவது பிள்ளை பட்டியலுக்குத் திரும்பும். முதல் நாள் கேலியாகத்தான் இருந்தது. "அண்ணாச்சி, இன்னொரு கொலை" என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். மறுநாள் அந்தக் கத்தலும் நின்றுவிட்டது. அன்னா, மூன்று வாரம். மரியா, ஒரு வருஷம். மறுபடியும் அன்னா. யாரும் டீக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

விளக்கம் போனது. வேலை தங்கியது. கனடாக்காரரிடமிருந்து நன்றி எதுவும் வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது. "அந்த முதல் இவானின் சாவுப் பதிவையும் அனுப்ப முடியுமா? அவனும் எங்கள் வீட்டுப் பட்டியலில் இருக்க வேண்டும்."

பிச்சையம்மாள் அதை என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள். பிறகு படிக்கட்டுக்குப் போய் அம்மாவுக்கு போன் செய்தாள். எதிர்முனை கத்தியது எனக்கே கேட்டது: "வேலை நேரத்துல கேக்குத கேள்வியாட்டி இது? வையி போனை." அவளும் வைத்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அம்மாவே திரும்பக் கூப்பிட்டார். இம்முறை எதிர்முனையின் குரல் கேட்கவில்லை.

திரும்பி வந்தவள் என் நோட்டைக் கேட்டாள். கடைசிப் பக்கத்தில் 'செல்வி, எட்டு மாசம்' என்று எழுதினாள். அதன் கீழே 'தம்பி, பேர் வைக்கல' என்று எழுதினாள். அவளுக்கு முன்னால் பிறந்தவன் எப்படித் தம்பி ஆவான் என்று புரூஃப் ரீடரின் நாக்கு துறுதுறுத்தது. வாயை மூடிக்கொண்டேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இப்போது நான் சொல்வது ஒன்றுதான்: ஒரே பேர் இரண்டு முறை வந்தால் அடிக்காதே, சாவு ரிஜிஸ்டரைப் பார். சிலர் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, கடைசிப் பக்கத்தில் மட்டும் ஏன் சிவப்புக்கோடு இல்லை என்று கேட்கிறார்கள். அது டூப்ளிகேட் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.