ஜெற்றியடி அறைக்காரி

பின்னேரம் ஆறரை ஆனால் புஸ்பராணிக்குக் கால் தரையில நிக்காது. திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பின் ஒழுங்கையில ஒரு கொமினிகேஷன் கடை. பகல் முழுக்க அங்க போட்டோக் கொப்பி அடிப்பா, வெளிநாட்டுக்குக் கதைக்க வந்த சனத்தை "கெதியா முடியுங்கோ, உங்களுக்குப் பின்னால ஆறு பேர் நிக்கினம்" எண்டு அதட்டுவா. ஆறரைக்கு மூலைக் கொம்பியூட்டருக்கு முன்னால கதிரையை இழுத்துப் போட்டு இருந்தால், அதுக்குப் பிறகு அவ வேலைக்காரி இல்லை, ராணி. 'ஜெற்றியடி' எண்டு பேர் வச்ச இன்ரநெற் சற் றூமின்ர ராணி.

இப்பத்தைப் பிள்ளையளுக்கு இது விளங்காது. முகமும் தெரியாது, குரலும் கேளாது. கனடா, சுவிஸ், மூதூர், குச்சவெளி எண்டு எங்கெங்கயோ இருக்கிற பதினைஞ்சு பேர் ஒரே நேரத்தில எழுத, எல்லாம் ஒண்டுக்குக் கீழ ஒண்டா ஓடும். தமிழ்தான், ஆனால் இங்கிலிஸ் எழுத்தில. "திருகோணமலைக் கோட்டைக்குள்ள மான் நிக்குதோ?" எண்டு ஒருத்தன் ரொறன்ரோவில இருந்து கேட்பான். "நிக்குது, உன்னைத்தான் விசாரிச்சது" எண்டு இவ அடிப்பா. அட, அந்தச் சிரிப்புக்கே அந்தப் பழங்காலம் திரும்பி வரக்கூடாதோ எண்டிருக்கும்.

புஸ்பராணிக்கு அப்ப முப்பத்தெட்டு வயசு. கப்பல்துறையில இருந்து பஸ்ஸில வாறவ, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலயும் இறங்கி ஏறி. அரசாங்கக் கச்சேரியில வேலை கிடைக்கும் எண்டு தட்டெழுத்துப் பழகினவ. கச்சேரி கூப்பிடவேயில்லை. பழகின விரல் சும்மா கிடக்குமோ? 2003இல, சமாதானம் எண்டு ஊரெல்லாம் சொன்ன காலத்தில, அவவே அந்த றூமைத் திறந்தா.

உள்ள வர ஒரு கேள்விக்கு மறுமொழி சொல்லவேணும். ஜெற்றியில இருந்து மூதூருக்குக் கடல் கடக்கிற லோஞ்சில எந்தப் பக்கம் இருந்தால் நனையாது? இடப்பக்கம் எண்டவனும் வலப்பக்கம் எண்டவனும் வெளியூர்க்காரன். எங்க இருந்தாலும் நனையும் எண்டு எழுதினால்தான் எங்கட ஆள். பிறகு ரெண்டே ரெண்டு சட்டம். இயக்கம், ஆமி எண்டு ஒரு சொல்லும் வரக்கூடாது. சாவுச் செய்தியை றூமில போடக்கூடாது. அதை முதல்ல உரியவருக்கு ஆறுதலா, போனில சொல்லவேணும். ரெண்டாவது சட்டத்தில அவவுக்கு நல்ல பெருமை. அதுதான் கடைசியில அவவின்ர கழுத்தைப் பிடிச்சது.

றூமுக்கு நாள் தவறாமல் வாறவன் யோகலிங்கம், கிளிவெட்டிப் பொடியன். 1998இல, பத்தொன்பது வயசில, "போகமாட்டன்" எண்டு அழ அழ அவனைக் கனடாவுக்கு ஏத்திவிட்டவர் தமையன் ஆனந்தராசா. இஞ்ச நிண்டால் உயிரோட விடமாட்டாங்கள் எண்ட பயம் அவருக்கு. என்னை வீட்டால துரத்தினவர் எண்ட கோவம் இவனுக்கு. எட்டு வருசமாத் தமையனோட ஒரு கதை இல்லை. ஆனால் கிளிவெட்டியில மழையோ, குளம் நிரம்பிட்டுதோ எண்டு றூமில கேட்காத நாளும் இல்லை. புஸ்பராணிக்கு இவன்ர கள்ளம் தெரியும். தெரிஞ்சும் மழைச் செய்தியை விசாரிச்சுச் சொல்லுவா.

2006, மாசி மாதம். சமாதானம் கடதாசியிலதான் மிச்சம், அங்கினை இங்கினை வெடி கேட்கத் தொடங்கின நேரம். மூதூர் முனாப் றூமுக்குள்ள வந்தான். சூடடிக்கிற மெசின் வச்சிருக்கிறவன். வெட்டின கதிரை அடிச்சு நெல்லெடுக்கிறதுக்கு எங்கட பக்கம் சூடு எண்டுதான் சொல்லுறது. அவன் அவசரத்தில ஒரு வரி அடிச்சான்: "கிளிவெட்டி ஆனந்தராசா அண்ணைக்கு இண்டைக்குச் சூடு. நான் போறன்." போயிட்டான். அடுத்த நிமிசம் யோகலிங்கத்தின்ர பேரும் றூமில இருந்து மறைஞ்சுது. புஸ்பராணி அதைப் பெரிசா எடுக்கேல்லை.

ரெண்டாம் நாள் ரொறன்ரோவில இருக்கிற நிக்கலஸ் எழுதினான். "அக்கா, யோகன் மொட்டை அடிச்சுப்போட்டு இருக்கிறான். தமையனைச் சுட்டுப்போட்டாங்களாம். உங்கட றூமிலதான் பாத்தவனாம். போனையும் நிப்பாட்டிப்போட்டான். சனிக்கிழமைக்கு ஊருக்கு ரிக்கற் போட்டிட்டான்."

யோகலிங்கத்தின்ர அகதி வழக்கு இன்னும் முடியேல்லை. வெளிக்கிட்டால் கனடா திரும்பி எடுக்காது. இஞ்ச கொழும்பில இறங்கினால் என்ன நடக்கும் எண்டு யாருக்கும் சொல்லிக்குடுக்கத் தேவையில்லை. வயல்காரன்ர மகன்! சூடு எண்டதும் நெல்லு ஞாபகம் வராமல் சுடுற துவக்கு ஞாபகம் வந்திருக்கு.

"விசரா, அது நெல்லுச் சூடு எண்டு சொல்லடா!" எண்டு புஸ்பராணி அடிச்சா.

"சொன்னனான் அக்கா. நம்புறான் இல்லை. புஸ்பாக்கா சாவை நேர சொல்லமாட்டா, அதுதானே அவவின்ர சட்டம் எண்டுறான்."

உண்மைதானே! எங்கட சனம் செத்தவனையே முதல்ல 'கொஞ்சம் காயமாம்' எண்டுதானே சொல்லும். ஒண்டுமில்லை எண்டு சொன்னால் எவன் நம்புவான்? போனில கதைச்சாலும் வேற யாரோ அண்ணை மாதிரிக் கதைக்கினம் எண்டுவான். முகத்தைக் காட்டவேணும். கடையில கொம்பியூட்டரில பூட்டுற ஒரு சின்னக் கமெரா இருந்தது.

அடுத்த நாள் விடியப் போற முதல் லோஞ்சில மூதூருக்குப் போய், பஸ் பிடிச்சுக் கிளிவெட்டியில இறங்கினா. முனாப் எழுதின அண்டைக்கே அவன்ர மெசின் பழுதாகி, ரெண்டு நாள் பிந்தித்தான் சூடு தொடங்கியிருந்தது. ஆனந்தராசா மேலெல்லாம் வைக்கோல் தூசியோட களத்தில நிண்டார். ஆரெண்டே தெரியாத பெண்பிள்ளை மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டவர், வானத்தை ஒருக்காப் பாத்தார். கறுத்துக்கொண்டு வந்தது. சால்வையை எடுத்துத் தோளில போட்டுக்கொண்டு, "வாங்கோ பிள்ளை" எண்டார்.

பின்னேரம் ரெண்டு பேரும் திருகோணமலைக் கடையில கமெராவுக்கு முன்னால வந்து இருந்தினம். நிக்கலஸ் அங்க யோகலிங்கத்தை இழுத்துக்கொண்டு வந்து இருத்தினான். படம் விட்டுவிட்டு, விக்கி விக்கித்தான் வந்துது, குரல் வரவேயில்லை. ஒரு மொட்டைத் தலை. ஆனந்தராசா கண்ணாடித் திரையைக் கையால தடவினார்.

"இந்த எழுத்து எனக்குத் தெரியாது. நான் சொல்ல நீங்கள் அடியுங்கோ."

றூமில பதினைஞ்சு பேரும் பாத்துக்கொண்டு நிண்டினம். அறைக்காரி ஒரு பேரைத் தட்டினால் அந்த ஆள் வெளியில போய் விழும். மூண்டு வருசத்தில ரெண்டு பேரைத்தான் அப்பிடி அனுப்பினவ. இப்ப முனாப்பில தொடங்கி, யோகலிங்கத்தைத் தவிர எல்லாரையும் ஒண்டொண்டா வெளியேத்தினா. ஒருத்தரும் பிறகு அதுக்குக் கோவிக்கேல்லை.

"டேய், நான் செத்தால்தான் எனக்காக மொட்டை அடிப்பியோ? உயிரோட இருக்கேக்க ஒரு கதை கதைக்கமாட்டியோ?"

"டேயையும் போடவோ?"

"அதைத்தான் முதல்ல போடுங்கோ."

போட்டா. மொட்டைத் தலை குனிஞ்சு, தோள் குலுங்கினது தெரிஞ்சுது. பிறகு ஒரு வரி வந்துது. புஸ்பராணி சத்தமா வாசிச்சா. "அண்ணை, சூடு முடிஞ்சுதோ?"

ஆனந்தராசா சால்வையால முகத்தைப் பொத்தினார். "இல்லையெண்டு அடியுங்கோ. மழை வருது, நெல்லெல்லாம் களத்தில கிடக்கு, உனக்காகப் பாதியில விட்டிட்டு வந்தனான் எண்டு அடியுங்கோ. அண்டைக்கும் உன்னைத் துரத்தேல்லையடா எண்டு அடியுங்கோ. இஞ்ச வராதை. அங்கயே இரு."

கண் மறைக்க மறைக்க, ஒரு சொல்லும் விடாமல் அடிச்சு அனுப்பினா. மறுமொழி வந்துது.

"என்னவாம்?"

"'ஓம் அண்ணை, நான் வரமாட்டன்' எண்டு எழுதியிருக்கிறான்."

"திரும்ப ஒருக்கா வாசியுங்கோ, பிள்ளை."

அவ திரும்ப வாசிச்சா.