குழாய்த் துணிக்குள் மொதலாளி

எங்கள் சித்தப்பாவின் பூனை செத்ததற்கு நான்தான் காரணம். அதைச் சில நாட்கள் மறைத்தேன். பிறகு சொன்னபோதும் முழுதாகச் சொல்லவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அறுபதுகளில், திருப்பூரில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓட்டுக் கொட்டகையில் பனியன் துணி பின்னும் மிஷின்கள் ஓடின. ஓட்டியவர் அப்பாவின் தம்பி; கல்யாணம் செய்துகொள்ளாதவர். எங்கிருந்தோ வந்து சேர்ந்த சாம்பல் நிறப் பூனை ஒன்றுக்கு அவர் ‘மொதலாளி’ என்று பெயர் வைத்திருந்தார். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். மீசையில் பஞ்சு ஒட்ட அது உள்ளே வந்தால், "வாங்க மொதலாளி, இன்னைக்கு நேரமாயிருச்சுங்களா?" என்பார். அவர் தட்டில் முதல் உருண்டை அதற்குத்தான்.

"இந்த ஊட்டுல பூனைக்கு இருக்கற மருவாதி எனக்கில்லீங்க" என்பாள் அம்மா.

மிஷினிலிருந்து துணி குழாயாகவே இறங்கும். ஒரு வாயில் மொதலாளியை விட்டால், துணிக்குள் ஒரு மேடு ஓடி, மறு வாயில் தலை எட்டிப் பார்க்கும். அதற்கும் பிடித்த விளையாட்டு அது. துணியைச் சலவைப் பட்டறைக்கு அனுப்பும்போது, உள்பக்கம் அழுக்காகாமல் இரண்டு வாயையும் நாடாவால் கட்டி வண்டியில் ஏற்றுவார்கள்.

ஒரு சித்திரை மாத மத்தியானம், அது உள்ளே போய்க்கொண்டிருந்தபோதே மறு வாயைக் கட்டினேன். முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வரட்டும் என்று வேடிக்கை. உள்ளிருந்து கத்தியது. எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரம் தெருவில் ஐஸ்காரன் மணி அடித்தான். ஓடினேன். அப்படியே மறந்தும் போனேன்.

ஒரு பக்கம் கட்டியிருக்கவும், தான் கட்டியதாகவே நினைத்துச் சித்தப்பா, அது திரும்பி வெளியே வருமுன், மறுபக்கத்தையும் கட்டிவிட்டார். மிஷின் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. மற்ற மூட்டைகளுக்கு அடியில், அந்த வெயிலில், மாட்டுவண்டி நொய்யல் கரைப் பட்டறைக்குப் போனது.

அங்கே அவிழ்த்தபோது செத்துக் கிடந்ததை, பொழுது சாயும்போது சித்தப்பா அதே துணியில் சுற்றி எடுத்துவந்து வேப்பமரத்தடியில் புதைத்தார். "நாந்தான் பாக்காம கட்டிப்போட்டேன்" என்றார். தட்டைத் தொடவில்லை.

"பூனைக்குப் போயி ஆராச்சும் பட்டினி கெடப்பாங்களாடா?" என்றார் அப்பா. நான் பக்கத்தில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு குழாயையும் கட்டுமுன் சித்தப்பா தோள்வரை கையை விட்டுத் துழாவினார். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. பாத்திரப் பட்டறைகள் நிறைந்த அனுப்பர்பாளையத்துக் கூட்டாளி ஒருவனிடம் ஒரு குட்டி கேட்டேன். "பாத்திரம் தட்டற சத்தத்துல பொறந்ததுடா, மிஷினுக்கெல்லாம் பயப்படாது" என்று கொடுத்தான். சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்து நீட்டினேன்.

"வேண்டாங் கண்ணு. எனக்குப் பாத்துக்கத் தெரியாது" என்றார்.

அதற்குமேல் தாங்கவில்லை. "ஒரு பக்கத்தை நாந்தானுங்க கட்டுனேன், சித்தப்பா."

அவர் மிஷினை நிறுத்தினார். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீ கட்டறப்ப கத்துச்சா?"

"இல்லீங்க. உள்ள தூங்கிட்டு இருந்துச்சுங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தானுங்க."

துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு குட்டியை வாங்கி உள்ளங்கையில் வைத்து, "ஏனுங்க, பால் குடிச்சீங்களா?" என்று அதைக் கேட்டார். அன்று ராத்திரி சாப்பிட்டார்.

என் குற்றம் எவ்வளவு பெரிது என்று அளப்பதற்காகக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். அடிக்குப் பயந்து சொன்ன பொய் அது. தப்பித்துவிட்டோம் என்று அன்று நன்றாகத் தூங்கினேன். கையை விட்டுத் துழாவும் பழக்கத்தை மட்டும் சித்தப்பா கடைசிவரை விடவில்லை.

போன வருடம் ஆஸ்பத்திரியில் என் மனைவி இறந்தபோது நான் பக்கத்தில் இல்லை. காப்பி வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்து, "ரொம்பக் கஷ்டப்பட்டாளாம்மா?" என்று நர்ஸைக் கேட்டேன்.

"இல்லீங்கய்யா. தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றாள், சட்டென்று.

நெசமாவா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.