ஒன்றுக்குப் பதினாறு

கடல் கடந்து நாங்கள் குடியேறிய மாசி என்ற புறநகரில், எங்கள் பக்கத்து வீட்டு மரீசா, காசுத்தாளில் இழைத்த பையோடுதான் டெய்ரி என்று இங்கே சொல்லும் தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போவாள். மிகைப்படுத்தவில்லை, உண்மையான காசுத்தாள். வெனிசுவேலாவின் பழைய பொலிவார்களை மடித்து மடித்து, ஓலைப்பெட்டி இழைப்பதுபோல இழைத்த கைப்பை. எதையும் வாங்க உதவாமல் போன தாளை எல்லையோரத்தில் இருந்தவர்கள் இப்படிப் பையாக்கி விற்றார்களாம்.

நாங்கள் குடிவந்த புதிதில் ஒருநாள் அதிலிருந்து ஒரு தாள் கழன்று விழ, என் கால் பட்டுவிட்டது. பதறிப்போய்க் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இதையெல்லாம் யோசித்தா செய்கிறோம்? மரீசா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "எங்கட பொலிவாரை உங்களுக்கும் தெரியுமா?" என்று கண் கலங்கிவிட்டாள். தாளில் இருந்த விடுதலை வீரருக்கு நான் மரியாதை செய்ததாக எண்ணிவிட்டாள். ஐயோ, அது லட்சுமி என்று விளக்கப் போய் நான் பட்ட பாடு! எல்லாம் கேட்டுவிட்டு, "அவ எங்கட பக்கம் வந்து கனகாலம்" என்றாள். அவள் பேசுவது ஆங்கிலம்தான். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும், என்ன செய்ய. அன்றிலிருந்து சிநேகிதம்.

அவளுடைய ஊர் ஒரு பாலத்தின் வெனிசுவேலாக் கரையில். அக்கரை கொலம்பியா, அங்கே புழங்குவது பேசோ. மரீசா கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு பொலிவாருக்குப் பதினாறு, பதினேழு பேசோ கிடைத்ததாம். கொலம்பியாக்காரர்கள் விடியவே பாலம் கடந்து வந்து வேலை செய்துவிட்டு, பொலிவாரோடு வீடு திரும்புவார்கள். அவளுடைய அப்பா பலசரக்குக் கடைக்காரர். யாராவது பேசோவை நீட்டினால் விரல் நுனியால் தள்ளிவிடுவார். பிறகு பொலிவார் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. ஒரு காலத்தில் இரண்டும் சமமாகி, அதற்கும் கீழே போனது. அரசாங்கம் மூன்று தடவை பூச்சியங்களை வெட்டியது, மொத்தம் பதினான்கு பூச்சியம். இப்போது அப்பாவின் தெருவிலேயே பாண் ரொட்டிக்குப் பேசோவில்தான் விலை சொல்கிறார்கள்.

இந்தக் கதை எனக்குப் புதிதில்லை. அம்மாவின் சின்ன வயதில் இலங்கை ரூபாவும் இந்திய ரூபாவும் ஏறக்குறைய ஒன்றுதானாம். நாங்கள் படகில் போய் ராமேஸ்வரத்தில் இறங்கியபோது, நூறு ரூபாவைக் கொடுத்த அப்பாவின் கையில் பாதிகூட வரவில்லை. தாளை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. என் கணவர் பாஸ்கர் திருச்சிக்காரர். செய்தி பார்க்கும்போதெல்லாம், "உங்க ரூபாய் ஏன்மா இப்படி விழுது?" என்று சீண்டுவார். "உங்களைக் கட்டின கவலையிலதான்" என்பேன்.

சரி, மரீசாவுக்கு வருகிறேன். அவள் கட்டியது பாலத்துக்கு அக்கரைப் பையனை. "பேசோக்காரன்" என்று அப்பா கல்யாணத்துக்கே போகவில்லை. இப்போது அவர் தனிக்கட்டை. நெஞ்சு வருத்தம். மருந்து பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் கிடைக்கிறது. ஒருநாள் குளியலறையில் விழுந்து, பகல் முழுதும் கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறார். இங்கே கூப்பிட விசா கிடைக்கவில்லை. அவருக்கென்று இருக்கிற ஒரே வீடு, அக்கரையில் மரீசாவின் மாமியார் ரொசால்பாவின் வீடுதான். அங்கே போக மாட்டேன் என்று ஒரே பிடி.

போன ஞாயிறு காலை நாங்கள் ஏவன்டேல் சந்தையில் வாங்கிய வெண்டிக்காயில் பங்கு கொடுக்கப் போனோம். மரீசா சோள ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். சீனி டின்னில் சாய்த்து வைத்த போனில் அவளுடைய அப்பா, கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில். பக்கத்தில் ரொசால்பா, வாடகைக் காரோடு கூட்டிப்போகவே வந்திருந்தாள். பேச்சு ஸ்பானிய மொழியில். மரீசா எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் ஒருத்தற்ற வீட்டிலயும் ஓசியில இருக்கமாட்டன்" என்றார் அப்பா.

"சம்பந்தி வீட்ல எப்படிக் கை நனைப்பார்?" என்றார் பாஸ்கர் மெதுவாக.

"நீங்கள் சும்மா இருங்கோ" என்றேன். ஆனால் அவர் சொன்னது சரி. என் அப்பாவும் திருச்சிக்கு வந்தால் தண்ணீரோடு எழும்பிவிடுவார்.

ரொசால்பா சிரித்தாள். "ஓசியெண்டு ஆர் சொன்னது? வாடகை தரவேணும்."

"என்னட்டைப் பேசோ இல்லை."

"ஆர் பேசோ கேட்டது? பொலிவாரில தாங்கோ. பழைய விலைக்கு எடுக்கிறன். ஒண்டுக்குப் பதினாறு."

மரீசா மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டாள். "என்னவாம், என்னவாம்?" என்று நான் தோளை உலுக்கிய பிறகுதான் தொடர்ந்தாள். ரொசால்பா பேசிக்கொண்டே இருந்தாள். "அந்த விலைக்குத்தான் உங்கட ஊர் வீடுகளில துணி தோய்ச்சு மினுக்கி, நான் என்ர வீட்டைக் கட்டினனான்."

அடுப்பில் ரொட்டி கருகும் மணம்.

"பதினேழு" என்றார் கிழவர்.

"பதினாறரை."

கைத்தடியை எடுத்தார். அந்த மனுஷன்மேல் எனக்கு வந்த பிரியத்தைச் சொல்லி மாளாது. மரீசா அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

போனை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. இருவரையும் ஏற்றிக்கொண்டு கார் ஊர்ந்தது, பாலத்தின் நடுவில் வரிசை அப்படியே நின்றுவிட்டது. அவர் கதவைத் திறந்து இறங்கினார். "திரும்பப் போகப்போறார்!" என்று மரீசா அலறினாள். ரொசால்பாவும் போனோடு பின்னால் இறங்கினாள்.

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு கட்டுத் தாள்களை எடுத்து நீட்டினார். "முதல் மாச வாடகை. அக்கரையில கால் வைக்க முந்தி, இஞ்ச நிண்டு தந்தாத்தான் தந்தமாதிரி."

ரொசால்பா போனை மரீசாவின் அப்பாவிடமே கொடுத்துவிட்டு, விரலை நாவில் தொட்டு ஒவ்வொரு தாளாக எண்ணினாள். ஒன்றையும் விடவில்லை. பிறகு தன் கைப்பைக்குள் வைத்துப் பூட்டி, போனைத் திரும்ப வாங்கினாள்.

"அப்பா, ஏறுங்கோ" என்றாள் மரீசா, மாசியிலிருந்து.

வரிசை நகர்ந்துவிட்டது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். அவர் ஒரு கையால் கார்க் கதவைப் பிடித்தபடி, மற்றக் கையைத் தன் கரையை நோக்கி நீட்டி, ஹோர்ன் அடிப்பவர்களுக்கோ விட்டுவந்த ஊருக்கோ, கொஞ்சம் பொறு என்பதுபோலக் காட்டிக்கொண்டு நின்றார்.