கம்பளையிலிருந்து கனடா எத்தனை மணித்தியாலம்?

விமான டிக்கெட் விற்கிற தொழிலில் பயணியால் தொல்லை இல்லை. கூட வருகிற சொந்தக்காரர்தான் தொல்லை. கண்டியில் ஒரு மாடிக் கடையில் வருஷக் கணக்காக டிக்கெட் போட்டுக் கொடுக்கிறேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து குப்பை கொட்டும் எல்லாருக்கும் என் வயிற்றெரிச்சல் புரியும்.

போன் காட்டிய தூரம்

செல்வராணி அக்கா கம்பளையிலிருந்து வந்தார். மகளுக்குக் கனடாவில் தலைப்பிரசவம், பக்கத்தில் பெண்துணை யாருமில்லை. வலி எடுக்கும்முன் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் கூடவே அண்ணன் பெரியசாமியும் வந்திருந்தார். தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். கொழுந்து நிறுத்த கண்ணால் என்னையும் நிறுத்துப் பார்த்தார்.

நடுவில் இறங்கி வேறு விமானம் ஏற வேண்டும், ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்றேன். அவர் போனை நீட்டினார். பதினாறு மணித்தியாலம் என்று போட்டிருந்தது. அது நேர்கோட்டுக் கணக்கு, அப்படி ஒரு விமானமே இல்லை என்றேன். அவர் தங்கையிடம் சொன்னார்: "சுத்திக்கிட்டுப் போனாத்தானே மீட்டர் ஏறும். த்ரீவீல்காரன் புத்தி."

எந்த ஊர் ராகு காலம்?

செவ்வாய்க்கிழமை நல்ல விமானம் இருந்தது. புறப்படுவது பின்னேரம் மூன்றரை, ராகு காலம், வேண்டாம் என்றார். புதன்கிழமை புறப்படும் நேரம் சரி, கனடாவில் இறங்கும் நேரம் சரியில்லையாம். அப்போது இங்கே வேறு நேரம், எந்த ஊர் ராகு காலத்தைப் பார்ப்பது என்று கேட்டேன்.

"எதுன்னாலும் சீக்கிரமாப் போடுங்க மிஸ், பிள்ள தனியாக் கெடக்கு" என்றார் அக்கா. அண்ணன் அவரைக் கையமர்த்திவிட்டு வெள்ளிக்கிழமை விமானத்துக்குப் போடச் சொன்னார். எனக்கும் ஒரு பாடம் கிடைத்தது: "ராகுவுக்கு எல்லா ஊரும் ஒண்ணுதான் பிள்ள. நீங்க டிக்கெட்ட மட்டும் பாருங்க."

வழியனுப்பும் படை

விடியுமுன் கிளம்புங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அண்ணன் போனைப் பார்த்து, அவ்வளவு அவசரமில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். இரண்டு வேன் நிறையச் சனம். வழியிலிருந்த ஒரு கோயிலையும் விடாமல் தேங்காய் உடைத்தார்கள். பேராதனையில் மிளகாய்த்தூள் பார்சல் ஞாபகம் வந்து ஒரு வேன் திரும்பிப் போக, மற்றது காத்து நின்றது. கடுகண்ணாவையில் லொறி ஒன்று பழுதாகி ரோடு அடைத்துக்கொண்டது.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் கவுண்டர் மூடியாகிவிட்டது. அக்கா அழுதுகொண்டு நிற்க, அண்ணன் போனில் என்னைக் கிழித்தார். பிளேன் இன்னும் கிளம்பவில்லையாம், ஆனாலும் ஏற்ற மாட்டேன் என்கிறார்களாம். "கம்பளை பஸ்ஸே கை காட்டினா நிக்குது, பிள்ள."

அதே செவ்வாய்

அடுத்துக் கிடைத்தது செவ்வாய்க்கிழமை விமானம். அதே மூன்றரை, அதே ராகு காலம். ஞாயிற்றுக்கிழமையே பேரன் பிறந்துவிட்டான். மகள் அங்கே தனியாக வலி தின்றபோது பெற்றவள் கம்பளையில் உட்கார்ந்திருந்தாள். அந்த மனுஷன் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

திங்கட்கிழமை அக்கா தனியாக வந்து டிக்கெட்டை வாங்கிப் பைக்குள் பத்திரப்படுத்தினார். நாளைக்கு வேன் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "அண்ணனுக்குச் சொல்லல மிஸ். பஸ்ஸுல போறேன். கை காட்டினா நிக்குமில்ல."

இனி எந்த ஊருக்கு எத்தனை மணித்தியாலம் என்று யார் கேட்டாலும், கூட எத்தனை அண்ணன்மார் வருகிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் பதில் சொல்லப் போகிறேன்.