நீடாமங்கலம் கேட்டில் ஓர் உடன்படிக்கை

நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருக்கிறது. ரயில் திசை மாற, எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும்வரை ஊரே காத்து நிற்கிறது. என் வாடகைக் காரின் ஜன்னலோரம் ஒரு மொபெட் வந்து நிற்கிறது. செல்வராஜ். எங்கள் வயலை மூன்று தலைமுறையாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்கிற குடும்பம்.

"எப்பக்கா வந்தீங்க? ஆஸ்திரேலியாவுல என்ன விசேஷம்?"

நேரம் போகவேண்டுமே என்று சொல்கிறேன். அங்கே அந்த நிலத்தின் பழங்குடி மக்களோடு மாநில அரசு உடன்படிக்கை செய்யப்போகிறது. அதைப் பற்றி எங்கள் பேட்டையில் கூட்டம் போட்டார்கள். சாண்ட்விச் தருவார்கள் என்று போன நான், "நிலத்தில் இருப்பவர்களைக் கேட்காமல் நிலத்தைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது" என்று எழுந்து பேசிவிட்டேன். நல்ல கைதட்டல்.

"சரியாத்தானே பேசியிருக்கீங்க," என்கிறார் செல்வராஜ். "இப்ப எங்க கிளம்பிட்டீங்க?"

பத்திர ஆபீசுக்கு. அதே வயலை விற்க. விற்பனைப் பத்திரத்தின் நகல் மடியில் கிடக்கிறது. அதன்மேல் கைப்பையை வைக்கிறேன். அவர் பார்த்துவிட்டார். முகத்தைத் தண்டவாளத்தின் பக்கம் திருப்பிக்கொள்கிறார்.

கேட் திறக்கிறது. பின்னால் பஸ்காரர் ஹார்னில் திட்டுகிறார். டிரைவரிடம் காரை ஓரங்கட்டச் சொல்லி இறங்குகிறேன்.

"செல்வராஜ், வயலை விக்கலாம்னு வந்தேன். உங்களைக் கேக்கல. இப்பக் கேக்குறேன்."

அவர் மொபெட்டை ஸ்டாண்டு போடுகிறார்.

"மொதல்ல டீ சொல்லுங்க. இது இன்னைக்கு முடியுற பேச்சு இல்ல."